கடற்கரை இல்லாத கரீபியன் தீவு: சேபாவுக்குப் போகும் முன்

சின்ட் மார்ட்டன் தீவிலிருந்து சேபாவுக்குப் போகும் விமானத்தில் மொத்தம் 19 பேர்தான் உட்காரலாம். முன் வரிசையில் இடம் கிடைத்தால் விமானியின் தோளுக்கு மேலாக முன்கண்ணாடி தெரியும். பன்னிரண்டு, பதினைந்து நிமிடப் பயணம். கடலுக்கு நடுவில், தலையில் மேகம் கட்டிக்கொண்டு ஒரு மலை நிற்கும். விமானம் அதன் பாறைச்சுவரை நோக்கியே போவதுபோல் இருக்கும். கடைசி நேரத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்து திரும்பும். எதிரே, பாறை விளிம்பில் ஒட்டவைத்ததுபோல் ஒரு துண்டுச் சாலை தெரியும். அதுதான் ஓடுபாதை. நீளம் 400 மீட்டர். இரண்டு முனையிலும் நிலம் முடிந்து, கீழே கடல். சக்கரம் தரையைத் தொட்டதும் விசிறிகள் எதிர்த்திசையில் உறுமும், உடம்பு பெல்ட்டில் முன்னால் தள்ளும், பாதி தூரத்திலேயே விமானம் நின்றுவிடும். உள்ளே இருப்பவர்களில் பலர் கைதட்டுவார்கள்.

உலகில் பயணிகள் விமானம் வழக்கமாக வந்துபோகும் ஓடுபாதைகளில் மிகக் குட்டையானது இதுதான் என்பார்கள். இரு முனைகளிலும் பெரிய பெருக்கல் குறி போட்டிருக்கும். பொதுவான விமானங்களுக்கு இந்த இடம் மூடியது என்று அதற்குப் பொருள். சிறப்பு அனுமதியும் பயிற்சியும் பெற்ற விமானிகள், குறுகிய தூரத்தில் ஏறி இறங்கவென்றே உருவான ட்வின் ஆட்டர் போன்ற விமானங்களோடு மட்டும் வரலாம். ஜெட் விமானத்துக்கு இங்கே இடமே கிடையாது.

இணையத்தில் சேபா என்று தேடினால் முதலில் வருவது இந்த ஓடுபாதை வீடியோதான். அதைப் பார்த்துவிட்டுத் தீவே ஒரு சாகச விளையாட்டு என்று நினைத்துக்கொள்பவர்கள் உண்டு. அப்படி இல்லை. இந்த மண்ணில் தட்டையான இடம் என்று இருந்ததே அந்த ஒரு துண்டுதான். அதன் பெயரே ஃபிளாட் பாயின்ட், தட்டை முனை. சேபாவின் பரப்பு 13 சதுர கிலோமீட்டர், மக்கள் ஏறத்தாழ 2,000 பேர், மீதி முழுக்கச் சரிவு. படகு ஏன் நின்றது, குழாயில் தண்ணீர் ஏன் மெல்ல வருகிறது, தக்காளி ஏன் இந்த விலை, டாக்ஸி எங்கே என்று ஒரு பயணி கேட்கக்கூடிய எந்தக் கேள்வியைத் தொட்டாலும் அந்தச் சரிவில்தான் போய் முட்டும். அதைப் புரிந்துகொண்டு போனால் பயணம் சுகம். புரியாமல் போனால் இரண்டாம் நாளே எரிச்சல் வரும்.

முதலில் ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். வெள்ளை மணல், தென்னை மரம், சாய்வு நாற்காலி என்ற கரீபியன் படத்தை மனதில் வைத்திருப்பவர்கள் சேபாவுக்குப் போக வேண்டாம். இங்கே நிலையான கடற்கரை கிடையாது. மேற்குப் பக்கம் வெல்ஸ் பே என்ற சின்ன வளைவில் வசந்தகாலத்தில் மணல் வந்து சேரும், குளிர்கால அலையில் மறுபடி போய்விடும். ஊர்க்காரர்கள் அதை அலைந்து திரியும் கடற்கரை என்கிறார்கள். விமான நிலையத்துக்குக் கீழே கோவ் பேயில் குழந்தைகள் இறங்கிக் குளிக்கிற அளவுக்கு ஒரு சிறிய இடம் உண்டு. அவ்வளவுதான். மலை ஏறுபவர்களுக்கும், கடலுக்கு அடியில் மூழ்கிப் பார்க்க விரும்புபவர்களுக்கும், கும்மிருட்டில் தவளைச் சத்தம் கேட்டபடி தூங்க ஆசைப்படுபவர்களுக்கும்தான் இந்தத் தீவு.

பெயரையும் சொல்லிவிடலாம். டச்சுக்காரர்கள் 'சாபா' என்பார்கள். தீவில் பிறந்தவர்கள் 'சேபா' என்றுதான் சொல்கிறார்கள். அங்கே போய்ப் பேசும்போது அவர்கள் உச்சரிப்பையே எடுத்துக்கொள்ளுங்கள்.

போய்ச் சேர்வது

ஓடுபாதை வந்த கதை கேட்க வேண்டிய கதை. 1950களில் இந்தத் தீவில் விமானம் இறங்கும் என்று யாரும் நம்பவில்லை. பக்கத்துத் தீவான செயின்ட் பார்ட்ஸில் வாழ்ந்த ரெமி டி ஹானன் என்ற விமானி மேலிருந்து சுற்றிப் பார்த்துவிட்டு, தட்டை முனையில் இறங்க முடியும் என்றார். ஊர் ஜனங்கள் கூடி அங்கே கிடந்த கற்களைக் கையாலேயே பொறுக்கி, மேடு பள்ளத்தை நிரவிக் கொடுத்தார்கள். 1959 பிப்ரவரி 9 அன்று அவர் தன் சிறு விமானத்தை அந்த மண் தரையில் இறக்கினார். ஊரே திரண்டு வந்து பார்த்தது. முறையான விமான நிலையம் 1963இல் திறந்தது. இன்று நீங்கள் இறங்கும் இடம், ஊர் கைகொடுத்துக் கல் பொறுக்கிய அதே இடம்.

விமானம் வேண்டாம் என்றால் படகு. சின்ட் மார்ட்டனிலிருந்து சுமார் 45 கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். எல்லா நாளும் ஓடாது, நேர அட்டவணை பருவத்துக்குப் பருவம் மாறும். அட்லாண்டிக் அலை பக்கவாட்டில் அடிக்கிற பாதை என்பதால் வயிற்றைப் புரட்டும். வாந்தி மாத்திரையைக் குமட்டல் வந்த பிறகு போட்டுப் பயனில்லை. ஏறுவதற்கு அரை மணி, ஒரு மணி நேரம் முன்பே போட்டுக்கொள்ள வேண்டும்.

காற்று கூடினால் விமானம் நிற்கும். அலை கூடினால் படகு நிற்கும். சில நாள் இரண்டுமே நிற்கும். இதில் நிறுவனத்தின் மேல் கோபப்பட ஒன்றுமில்லை. பாறையை ஒட்டிச் சுழலும் காற்றில் 400 மீட்டர் ஓடுபாதையில் இறங்க வேண்டாம் என்று விமானி முடிவெடுத்தால், அது நமக்காக எடுத்த முடிவு. ஆகவே ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: ஊர் திரும்பும் பெரிய விமானம் கிளம்பும் அதே நாளில் சேபாவிலிருந்து புறப்பட வேண்டாம். முதல் நாளே சின்ட் மார்ட்டனுக்கு வந்து ஓர் இரவு தங்கிவிடுங்கள். அந்த ஓர் இரவு வாடகையை மிச்சம் பிடிக்கப் பார்த்து ஆயிரக்கணக்கான டாலர் டிக்கெட்டை இழப்பது நடக்கக்கூடியதுதான்.

எடை இன்னொரு விஷயம். குட்டை ஓடுபாதை என்பதால் விமானத்தின் மொத்த எடையைக் கணக்குப் பார்த்துத்தான் ஏற்றுவார்கள். சில சமயம் நீங்கள் முதலில் போவீர்கள், பெட்டி அடுத்த விமானத்தில் வரும். மருந்து, கண்ணாடி, ஒரு மாற்றுத் துணி, எல்லாம் கைப்பையில் இருக்கட்டும். பெரிய சக்கரப் பெட்டியைத் தவிர்த்து முதுகுப்பை கொண்டுபோவது நல்லது. தங்கும் வீட்டு வாசலுக்கும் சாலைக்கும் நடுவில் நாற்பது படி இருந்தால் சக்கரம் எதற்கும் உதவாது.

விசா கொஞ்சம் குழப்பமானது. 2010 அக்டோபர் 10 அன்று நெதர்லாந்து ஆன்டிலிஸ் என்ற அமைப்பு கலைந்தது. அதில் சின்ட் மார்ட்டன் நெதர்லாந்து முடியாட்சிக்குள் தனி நாடாயிற்று. சேபா, பொனேர், சின்ட் யூஸ்டேஷியஸ் மூன்றும் நெதர்லாந்தின் சிறப்பு நகராட்சிகளாயின. அதனால் சட்டப்படி சேபா நெதர்லாந்தின் ஒரு பகுதி. ஆனால் ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போக விடும் ஷெங்கன் எல்லைக்குள் வராது. இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு டச்சுக் கரீபியன் பகுதிகளுக்கென்று தனியாக ஒரு விசா இருக்கிறது. சில நாடுகளின் விசாவோ குடியிருப்பு அனுமதியோ ஏற்கெனவே கையில் இருப்பவர்களுக்கு அதில் விலக்கு உண்டு. அந்தப் பட்டியல் அவ்வப்போது மாறுவதால், டிக்கெட் போடும் முன் டச்சுத் தூதரகத்தின் பக்கத்தில் பார்த்துவிடுங்கள். ஆம்ஸ்டர்டாம், பாரிஸ், மயாமி, நியூயார்க் நகரங்களிலிருந்து சின்ட் மார்ட்டனுக்கு நேரடி விமானம் உண்டு. அமெரிக்கா வழி போனால், நிலையத்தை விட்டு வெளியே வராமல் விமானம் மாறினாலும் அமெரிக்க விசா கட்டாயம். அப்புறம், சின்ட் மார்ட்டனிலிருந்து சேபாவுக்குப் போகும்போது மறுபடியும் கடவுச்சீட்டைக் காட்ட வேண்டும்; பக்கத்துத் தீவுதானே என்று அறையில் வைத்துவிட்டு ஒருநாள் சுற்றுலாவுக்குக் கிளம்பிவிடாதீர்கள்.

முடியாது என்று சொன்ன சாலை

தீவில் ஒரே ஒரு முக்கியச் சாலை. அதற்குப் பெயரும் 'சாலை'தான், வேறு பெயர் தேவைப்படவில்லை. துறைமுகத்திலிருந்து கொண்டை ஊசி வளைவுகளாக ஏறி, ஊர்களைக் கோத்துக்கொண்டு, மறுபக்கம் விமான நிலையத்தில் இறங்குகிறது.

அது வருவதற்கு முன் தீவுக்குள் நுழைய முக்கியமான வழி மேற்குக் கரையில் இருந்த ஏணித்துறை. பாறையில் வெட்டிய ஏறத்தாழ 800 படிகள். படகைக் கல்லும் அலையுமான கரையில் பிடித்து நிறுத்துவதே ஒரு வித்தை. அதிலிருந்து இறங்கியவர்கள், இறக்கிய சரக்கு எல்லாம் படிவழியே மேலே போக வேண்டும். அரிசி மாவு மூட்டையிலிருந்து பியானோ வரைக்கும் தலைச்சுமையாகவே போயிற்று என்று தீவில் சொல்வார்கள். படிகள் இன்றும் இருக்கின்றன. பாதி வழியில் பழைய சுங்கச் சாவடிக் கட்டடமும் நிற்கிறது. ஒரு தடவை கீழே இறங்கி மேலே ஏறிப் பாருங்கள். வெறுங்கையோடு ஏறுகிறபோதே மூச்சு வாங்கும். அந்த நேரத்தில் தலையில் ஒரு மூட்டையை நினைத்துக்கொண்டால், கடையில் இருக்கும் விலைப்பட்டியல் வேறு மாதிரி தெரியும்.

சாலை போட முடியுமா என்று பார்க்க வந்த டச்சுப் பொறியாளர்கள் இந்தச் சரிவில் முடியாது என்று சொல்லிவிட்டார்கள். ஜோசஃபஸ் லாம்பர்ட் ஹாசல் என்ற உள்ளூர்க்காரர் ஒப்புக்கொள்ளவில்லை. அஞ்சல்வழியில் பொறியியல் பாடம் படித்தார், ஊர் ஆட்களைச் சேர்த்துக்கொண்டு 1938இல் வேலையைத் தொடங்கினார். இயந்திரம் கிடையாது. கடப்பாறை, சம்மட்டி, தள்ளுவண்டி, கை. துறைமுகத்திலிருந்து முதல் ஊர் வரையிலான துண்டு 1943இல் முடிந்தது. அதில் ஓட முதல் மோட்டார் வண்டி வந்து சேர்ந்தது 1947இல். சாலை தயாராகி நாலு வருஷம் காத்திருந்திருக்கிறது. மற்ற ஊர்களை இணைத்து முடிக்க 1958 ஆயிற்று. இருபது வருஷ உழைப்பு. ஓரத்தில் நீளமாக ஓடும் அந்தக் கல் தடுப்புச்சுவரைக் கவனித்துப் பாருங்கள். ஒவ்வொரு கல்லும் ஆள் கையால் வைத்தது.

இந்தச் சாலையில் வலப்பக்கம் ஓட்ட வேண்டும். அகலம் குறைவு, வளைவு கூர்மை, ஏற்றம் கடுமை. மலைச்சாலையில் ஓட்டிப் பழகாதவர்கள் வாடகைக் கார் எடுக்க வேண்டாம் என்பது என் கருத்து. டாக்ஸிகள் கொஞ்சம்தான், தங்கும் இடத்தில் சொன்னால் அழைத்துத் தருவார்கள், இன்ன இடத்துக்கு இன்ன கட்டணம் என்று முன்கூட்டியே வகுத்திருக்கிறார்கள். நடந்துபோனால் அநேகமாக யாராவது வண்டியை நிறுத்தி ஏறச் சொல்வார்கள். கை காட்டி வண்டி கேட்பது இங்கே சாதாரணம், அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. ஆனால் ஏறும்போது வணக்கம் சொல்லி ஏறுங்கள். கடைக்குள் நுழைந்தாலும், எதிரே ஒருவர் வந்தாலும், முதலில் 'குட் மார்னிங்', பிறகுதான் பேச்சு. இரண்டாயிரம் பேர் வாழும் ஊரில் முகம் பார்க்காமல் கடந்து போவது மரியாதைக் குறைவாகவே படும்.

ஊர்கள் நாலு. தலைநகரின் பெயர் தி பாட்டம், ஆங்கிலத்தில் அடிப்பகுதி. பெயரை வைத்துக் கடலோரம் என்று நினைத்து அறை பதிவு செய்பவர்கள் ஏமாறுவார்கள். கிண்ணம் என்ற பொருள் தரும் பழைய டச்சுச் சொல்லிலிருந்து வந்த பெயர் என்கிறார்கள். மலைகளுக்கு நடுவே கிண்ணம் போன்ற பள்ளத்தில், கடலிலிருந்து நல்ல உயரத்தில் இருக்கிறது. அரசு அலுவலகம், மருத்துவமனை, வெளிநாட்டு மாணவர்கள் வந்து படிக்கும் மருத்துவக் கல்லூரி எல்லாம் அங்கே. பயணிகள் பெரும்பாலும் தங்குவது விண்ட்வர்ட்சைடில், கடல்மட்டத்திலிருந்து சுமார் 400 மீட்டர் மேலே. இரவில் அங்கே குளிர் அடிக்கும். ஒரு மெல்லிய ஸ்வெட்டர் இருந்தால் நல்லது. இரண்டுக்கும் நடுவில் செயின்ட் ஜான்ஸ். விமான நிலையத்துக்கு மேலே இருப்பது ஸையன்ஸ் ஹில்; அதன் பழைய பெயர் ஹெல்ஸ் கேட், நரகவாசல். வாயில் இன்னும் பழைய பெயர்தான் வரும், இரண்டும் ஒரே ஊர் என்று தெரிந்திருந்தால் போதும். எங்கே பார்த்தாலும் வெள்ளைச் சுவர், சிவப்புக் கூரை, பச்சை விளிம்பு. ஊர் முழுக்க ஒரே கை வரைந்ததுபோல் இருக்கும்.

கூரையிலிருந்து குழாய்க்கு

ஒரு வீட்டின் பக்கவாட்டில் போய் நின்று கூரையைப் பாருங்கள். ஓரம் முழுக்கத் தகரக் கால்வாய். அதிலிருந்து ஒரு குழாய் சுவரோடு இறங்கி வீட்டுக்கு அடியிலோ பக்கத்திலோ இருக்கும் கல் தொட்டிக்குள் போகும். தொட்டிக்கு வளைந்த மூடி, அதில் சின்னக் கதவு. தீவில் ஆறு கிடையாது, ஏரி கிடையாது. பெய்யும் மழை சரிவில் ஓடிக் கடலில் விழுந்துவிடும். கூரை பிடித்து வைத்ததுதான் வீட்டுக்குத் தண்ணீர். நீங்கள் தங்கும் விடுதியிலும் குளிக்க, பாத்திரம் கழுவ, கழிப்பறைக்கு என எல்லாம் அந்தத் தொட்டியிலிருந்துதான். மழை தள்ளிப்போனால் லாரித் தண்ணீர் காசு கொடுத்து வாங்க வேண்டும். சோப்புப் போடும்போது குழாயை மூடுங்கள். ஈரத் துண்டை ஒரு நாளுக்கு ஒன்று என்று மாற்றக் கேட்காதீர்கள். குளியலறையில் ஒட்டியிருக்கும் தண்ணீர் பற்றிய அறிவிப்பு வெறும் அலங்காரம் அல்ல. வீட்டுக்காரர் நிஜமாகவே தொட்டிக்குள் எட்டிப் பார்த்து மட்டம் கணக்குப் பார்க்கிறவர். குடிக்க புட்டித் தண்ணீர் வாங்கிக்கொள்ளலாம்.

சாப்பாட்டுச் சாமான் வாரத்துக்கு ஒரு தடவை சரக்குப் படகில் வருகிறது. அது வந்த மறுநாள் கடையில் கீரை, பழம், பால் எல்லாம் இருக்கும்; வருவதற்கு முந்தின நாள் அலமாரி காலியாகத் தெரியும். அலை முரட்டுத்தனமாக இருந்து படகு தள்ளிப்போனால் அதுவும் தள்ளிப்போகும். எல்லாவற்றுக்கும் கப்பல் கூலி சேர்வதால் விலை அதிகம். உணவகங்கள் கொஞ்சம், அதிலும் வாரத்தில் ஒவ்வொன்றும் ஏதாவது ஒரு நாள் மூடியிருக்கும். இரவு உணவுக்குப் பகலிலேயே சொல்லிவைக்க வேண்டும். மீன், கடல்நண்டு, ஆட்டுக்கறி சாதாரணமாகக் கிடைக்கும். சைவம் மட்டும் சாப்பிடுபவர்கள் காலையிலேயே போய், மீன் குழம்புச் சாறும் கூடாது, இறைச்சி வேகவைத்த தண்ணீரும் கூடாது என்று தெளிவாகச் சொன்னால் செய்து தருவார்கள். சமையலறை உள்ள குடிலாக எடுத்துக்கொண்டு, கொஞ்சம் பருப்பும் சாம்பார்ப் பொடியும் கையோடு வைத்திருப்பது இன்னும் நிம்மதி. வெல்லம், கிராம்பு, பெருஞ்சீரகம் சேர்த்து வீடுகளில் காய்ச்சும் 'சேபா ஸ்பைஸ்' என்ற ரம் கலந்த மதுவும் இங்கே பிரபலம். வீட்டுக்கு வீடு கைப்பக்குவம் வேறு.

நெதர்லாந்தின் பகுதி என்றாலும் யூரோ செல்லாது. 2011 ஜனவரி 1 முதல் அமெரிக்க டாலர்தான். ஏடிஎம் ஒன்றிரண்டுதான், அதனால் சில்லறை டாலர் கையில் இருக்கட்டும். அரசுக் காகிதங்களில் டச்சு இருந்தாலும் வீட்டிலும் தெருவிலும் பேசுவது ஆங்கிலம். மின்சாரம் 110 வோல்ட், அமெரிக்கத் தட்டைமுனை பிளக். போன் சார்ஜர் ஓடும், ஊரிலிருந்து கொண்டுபோன மின்கெட்டில் ஓடாது. சேபாவில் காலை 8 மணி என்றால் சென்னையில் மாலை 5.30.

மேலேயும் கீழேயும்

தீவின் உச்சி மவுன்ட் சீனரி, சுமார் 870 மீட்டர். பழைய வரைபடங்களில் 887 என்றும் பார்க்கலாம். நெதர்லாந்து முடியாட்சி முழுவதிலும் உயர்ந்த இடம் இதுதான். ஐரோப்பாவில் இருக்கும் நெதர்லாந்தின் உயர்ந்த மேடே 322 மீட்டர்தான். விண்ட்வர்ட்சைடிலிருந்து படிவழி போகிறது, ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். ஏற ஒன்று, ஒன்றரை மணி நேரம்.

அந்த ஒன்றரை மணி நேரத்தில் காடு மூன்று தடவை மாறும். முதலில் வாழை, மா எனத் தோட்டப் பயிர்கள். அப்புறம் நெடிய மரங்கள், முகத்தளவு இலைகள், பெரிய பெரிய பெரணிச் செடிகள். கடைசியில் மேகக் காடு. அங்கே மரம் உயரம் குறைந்து முறுக்கிக்கொண்டு நிற்கும், அடிமரத்திலிருந்து நுனிக் கொம்பு வரை பாசி ஏறியிருக்கும். மழை பெய்யாமலே சொட்டும். மேகம் இலையில் பட்டுத் தண்ணீராகி விழுகிறது. கையை மரத்தில் வைத்து எடுத்தால் உள்ளங்கை நனைந்திருக்கும். உச்சியில் பெரும்பாலும் வெள்ளையாக மேகம் மட்டும்தான் தெரியும். கொஞ்சம் காத்திருந்தால் திடீரென்று ஓர் ஓட்டை விழும், அதன் வழியே கீழே சிவப்புக் கூரைகள், அதற்கும் கீழே கடல். பிறகு மூடிக்கொள்ளும். படிகள் எப்போதும் ஈரம், பாசி வழுக்கும். இறங்கும்போதுதான் விழுகிறார்கள், பிடிமானம் உள்ள காலணி, ஒரு கைத்தடி, மழைச்சட்டை மூன்றும் வேண்டும்.

வழியில் சிவந்த வயிறுள்ள ஒரு பாம்பு குறுக்கே போகலாம். இந்தத் தீவிலும் பக்கத்து சின்ட் யூஸ்டேஷியஸிலும் மிஞ்சியிருக்கும் அரிய இனம். மனிதருக்குத் தீங்கில்லாதது, விஷப்பாம்பு இங்கே கிடையாது. கல்லைத் தூக்காதீர்கள், நின்று வழி விடுங்கள்.

மற்ற மலைவழிகளில் சில எளிது, சில தனியாகப் போகக் கூடாதவை. வடமேற்கு மூலையில் மேரிஸ் பாயின்ட் என்ற கிராமம் இருந்தது. எட்டாத மூலையில் இருந்ததால் 1934இல் அரசு அந்த மக்களை மொத்தமாகத் தி பாட்டத்துக்குக் கூட்டிவந்து குடியமர்த்தியது. குட்டிச்சுவர்களும் தொட்டிகளும் காட்டுக்குள் இன்னும் கிடக்கின்றன. அங்கே வழிகாட்டியோடு மட்டும் போக வேண்டும்.

கடலுக்கு அடியில் இருப்பதும் இதே மலைதான். இந்தத் தீவே ஓர் எரிமலை; அதன் சரிவு நீருக்குள்ளும் அப்படியே இறங்குகிறது. ஆழத்திலிருந்து பாறைக் கூம்புகள் தூண் தூணாக எழுந்து நிற்கின்றன, அவற்றின் உச்சியே நீர்மட்டத்துக்கு 25, 30 மீட்டர் கீழே. பவளம், பஞ்சுயிரி, ஆமை, சுறா எல்லாம் அங்கே கூடும். ஆழம் அதிகம் என்பதால் அனுபவம் உள்ளவர்களுக்கே அந்த இடங்கள். புதியவர்களுக்குக் கரையோரத்தில் வேறு இடங்கள் உண்டு. 1987இலேயே தீவைச் சுற்றிய கடல் முழுவதையும் கடல் பூங்காவாக அறிவித்துவிட்டார்கள். மூழ்குபவர் ஒவ்வொருவரிடமும் வாங்கும் சிறு கட்டணம் அந்தக் கடலைக் காக்கவே போகிறது. எனக்குத் தெரிந்து ஒரு பயணி மனம் நிறைந்து கொடுக்க வேண்டிய கட்டணம் இருந்தால் அது இதுதான்.

இங்கேயும் சரிவு ஓர் எச்சரிக்கை வைத்திருக்கிறது. ஆழத்தில் மூழ்கியவர் உடம்பில் நைட்ரஜன் கரைந்திருக்கும். அது வெளியேறும் முன் உயரத்துக்குப் போனால் குமிழாக மாறி மூட்டுகளையும் நரம்புகளையும் தாக்கும். அதனால்தான் மூழ்கிய மறுநாள் வரை விமானம் ஏறக் கூடாது என்கிறார்கள். சேபாவில் விமானம் ஏறாமலே உயரத்துக்குப் போய்விடலாம். துறைமுகத்தில் கரையேறி அரை மணியில் 400 மீட்டர் உயரத்து அறையில் இருப்பீர்கள். அன்றே மதியம் மலையேறினால் 870. மூழ்கல் மையத்தில் தங்குமிடத்தைச் சொல்லி யோசனை கேளுங்கள். மலையை முதல் நாளே ஏறிவிட்டு, கடலை அப்புறம் வைத்துக்கொள்வதும், கடைசி நாளைக் கரையிலேயே கழிப்பதும் நல்ல ஏற்பாடு.

மருத்துவமனை சிறியது. எலும்பு முறிவு, மாரடைப்பு போன்றவற்றுக்கு ஹெலிகாப்டரில் சின்ட் மார்ட்டனுக்கோ அதற்கும் அப்பாலோ கொண்டுபோவார்கள். அந்தச் செலவை ஏற்கும் பயணக் காப்பீடு இல்லாமல் போகாதீர்கள். ஜூன் முதல் நவம்பர் வரை சூறாவளிக் காலம். 2017 செப்டம்பரில் இர்மா வந்தபோது சேபா அக்கம்பக்கத் தீவுகளைவிடக் குறைந்த சேதத்தோடு தப்பித்தது. ஆனால் சின்ட் மார்ட்டனின் விமான நிலையக் கட்டடம் நாசமானதால் சேபாவுக்கு வருகிறவர்களும் நின்றுபோனார்கள். தன் வீட்டுக் கூரை தப்பினாலும் பக்கத்து வீட்டு வாசல்வழியாகத்தான் வெளியே போக வேண்டும் என்ற நிலை. டிசம்பர் முதல் ஏப்ரல் வரை வானம் நன்றாக இருக்கும், வடக்கிலிருந்து பெரிய அலை வந்து துறைமுகத்தைத் தொந்தரவு செய்வதும் அப்போதுதான்.

வாங்கி வரக்கூடிய பொருள் ஒன்று இருக்கிறது, சேபா லேஸ். பயிரிட நிலமில்லாத ஊரில் ஆண்கள் கப்பலுக்குப் போனார்கள். 1909இல் இங்கே கப்பலோட்டிகளுக்கென்று ஒரு பள்ளியே நடந்தது. பிற்பாடு அரூபா, குராசோ எண்ணெய் ஆலைகளுக்குப் போனார்கள். வீட்டில் பெண்களும் குழந்தைகளும் கிழவர்களும். கராகஸ் நகரத்துக் கன்னிமாடத்தில் படித்துவிட்டுத் திரும்பிய மேரி கெர்ட்ரூட் ஜான்சன் என்ற பெண் 1870களில் ஒரு பின்னல்வேலையைக் கற்றுக்கொண்டு வந்தார். துணியில் இழைகளை உருவி எடுத்துவிட்டு, மிச்ச இழைகளை ஊசியால் முடிந்து பூவும் நட்சத்திரமுமாக ஆக்குவது அந்த வேலை. பெண்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றார்கள். கப்பல்வழித் தபால் வந்ததும் அமெரிக்க வணிகர்களின் முகவரிகளைத் தேடிப் பிடித்து, மாதிரித் துண்டோடு கடிதம் எழுதி விற்றார்கள். யாருடைய தயவும் இல்லாமல் இந்தப் பாறையின் மேல் உட்கார்ந்து ஏற்றுமதி நடத்தியிருக்கிறார்கள்.

இப்போது அதைச் செய்யத் தெரிந்தவர்கள் சிலர்தான், வயதானவர்கள். ஒரு கைக்குட்டையில் பல நாள் வேலை இருக்கும். விலையைக் கேட்டதும் பேரம் பேசத் தோன்றும். துணியைத் தூக்கி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, ஓர் அங்குலத்துக்குள் எத்தனை முடிச்சு என்று எண்ணிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.